எண்பத்திரண்டாவது நிமிஷம்

"ஸார், இன்றைக்கு நாம் எத்தனை கோல் வாங்குவோம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவன் எங்கள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் பின்வரிசையில் ஆடுகிற பையன். கேட்ட நாள் 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ந் தேதி, திங்கட்கிழமை. இரவு மணி ஏழே முக்கால். இடம், என் வீட்டுக் கூடம்.

நான் சரித்திரம் போதிக்கிற வாத்தியார். விளையாட்டு ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த ஸ்தானம் வெகு நாள் காலியாகவே கிடந்தபடியால், பந்துக்குக் காற்று அடிக்கிற பொறுப்பு முதலில் என் தலையில் விழுந்தது. பிறகு மெள்ள மெள்ளக் கால்பந்து முழுவதுமே விழுந்தது. அன்று இரவு பையன்கள் நாலு பேர் வீட்டில் அனுமதி பெற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே பாய் விரித்து, என் மனைவி ஒரு தட்டு நிறையச் சுண்டலும் வைத்திருந்தாள். டில்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இன்னும் கால் மணியில் ஆட்டம் ஆரம்பம். பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயம். ஒரு பக்கம் கொலம்பியா, மறுபக்கம் இந்தியா.

பையன் கேட்டதில் குறும்பு ஒன்றும் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. எத்தனை கோல் போடுவோம் என்று கேட்கவில்லை பாருங்கள், எத்தனை வாங்குவோம் என்று கேட்டான். ஆனால் அவனைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மூன்று நாளைக்கு முன்பு, அதே மைதானத்தில், அமெரிக்கப் பையன்களிடம் நம்மவர்கள் மூன்று கோல் வாங்கிக்கொண்டு ஒன்றும் போடாமல் திரும்பியிருந்தார்கள்.

அந்த முதல் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காரியம் நடந்தது. நம் பின்வரிசை ஆட்டக்காரன் அன்வர் அலி உதைத்த பந்து எதிரியின் கோல் குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. திரும்பிய பந்தை அமெரிக்கர்கள் பிடித்து, நாம் மூச்சு விடுவதற்குள் மைதானத்தின் மறு கோடிக்குக் கொண்டுபோய் மூன்றாவது கோலைப் போட்டுவிட்டார்கள். நமக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் அவர்களுக்கு ஒன்று போயிற்று. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கால்பந்து உலகக் கோப்பையில் நமக்குள்ள சம்பந்தம் விசித்திரமானது. 1950-ல் பிரேஜில் தேசத்தில் நடந்த பெரியவர்கள் பந்தயத்தில் நமக்கு ஒரு இடம் கிடைத்தது. நம்மோடு போட்டியிட வேண்டிய மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் சும்மாவே கிடைத்தது. ஆனால் நாம் போகவில்லை. வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று சொன்னதால் போகவில்லை என்று ஒரு கதை உண்டு. கேட்பதற்கு நன்றாயிருக்கும் கதை; அதனாலேயே சந்தேகப்பட வேண்டிய கதை. கால்பந்துச் சங்கத்தார் அந்நாளில் ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக மதித்தார்கள், உலகக் கோப்பையை மதிக்கவில்லை என்பதே மெய்க்கு அருகில் வரும். எப்படியானாலும், அதற்குப் பிறகு அந்த வாசலில் நாம் கால் வைக்கவே இல்லை. அறுபத்தேழு வருஷம் கழித்து, 2017-ல், பையன்களுக்கான பந்தயத்தை நடத்துகிற பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. பந்தயம் நடத்துகிற தேசத்துக்குத் தகுதிச் சுற்று கிடையாது. இடம் தானாக வரும். கல்யாண வீட்டுக்காரனுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை அல்லவா? அந்த முறையில்தான் நம் பையன்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். மற்ற இருபத்துமூன்று தேசத்தாரும் தத்தம் கண்டத்தில் ஜயித்து வந்தவர்கள்.

அன்று ஆடியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தொரு பேர் கொண்ட கூட்டத்தில் எட்டுப் பேர் மணிப்பூர் வாலிபர்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பொறுக்கிய இருபத்தொருவரில், நம் ஜில்லாக்கள் சிலவற்றைச் சேர்த்தால் வருகிற ஜனத்தொகையுள்ள ஒரு சின்ன ராஜ்யத்திலிருந்து எட்டுப் பேர்! அந்த ராஜ்யத்தின் தலைநகரான இம்பாலில் பெண்களே கடை வைத்து நடத்தும் பெரிய சந்தை ஒன்று உண்டு. "இமா கெய்தல்" என்று பெயர், தாய்மார் சந்தை என்று அர்த்தம். அணித் தலைவன் அமர்ஜித் சிங்கின் தாயார் மீன் விற்கிறவர். அவனுடைய உறவுக்காரப் பையன் ஜீக்ஸன் சிங். அவனுடைய தாயார் காய்கறி விற்றவர். கோல் காவலன் தீரஜ் சிங்கும் மணிப்பூர்க்காரன்தான். சிக்கிமிலிருந்து வந்த கோமல் தாட்டாலின் பெற்றோர் தையல் தொழில் செய்கிறவர்கள். கோலாப்பூர் அனிகேத் ஜாதவின் தகப்பனார் ஆட்டோ ரிக்ஷா ஓட்டியவர். திருச்சூர்ப் பையன் ராகுல் ஒருவன். ஸஞ்சீவ் ஸ்டாலின் என்று ஒருவன். இந்தப் பெயரைக் கேட்டதும் என் வீட்டுக் கூடத்தில் ஆரவாரம். "ஸார், இவன் நம்ம ஊர்தான்!" என்று நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். பெங்களூர்க்காரன் என்று நான் சொன்னேன். "பெங்களூர் என்றால் என்ன ஸார், பக்கம்தானே!" என்று அவனை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஜீக்ஸனைப் பற்றி மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை. அப்போது அவனுக்கு வயது பதினாறு. உயரம் ஆறடிக்கு மேல். தேசிய அணிக்கு ஆள் பொறுக்கியபோது முதலில் அவனை வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். அவன் பஞ்சாபில் மினர்வா அகாடமி என்ற பயிற்சிக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தான். 2017-ஆம் வருஷ ஆரம்பத்தில் தேசிய அணிக்கு ஜெர்மானியப் பயிற்சியாளர் போய், லூயீஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் என்ற போர்ச்சுகீசியர் வந்தார். மினர்வாப் பையன்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அந்தத் தேசிய அணியையே தோற்கடித்தார்கள். வந்தவர் புத்திசாலி. தோற்கடித்தவர்களில் சிலரைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். அப்படி வந்தவர்களில் ஜீக்ஸன் ஒருவன். வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஒரு பையனைத் தேர்வில் தள்ளுவது எவ்வளவு சுலபம், அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் ஜாதிக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் கொலம்பியா. தென் அமெரிக்காவில் பையன்களுக்குக் கால்பந்து எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அன்றைய ஆட்டத்தை எடை போடுவதில் பிரயோஜனமில்லை. அங்கே ஒவ்வொரு கிளப்புக்கும் வயதுவாரியாக அணிகள் இருக்கின்றன. பத்து வயதுப் பையனுக்கு ஒரு அணி, பன்னிரண்டுக்கு ஒன்று, பதினான்குக்கு ஒன்று. வாரம் தவறினாலும் ஆட்டம் தவறாது. அந்த ஆட்டங்களில் புள்ளி உண்டு, பட்டியல் உண்டு. தோற்றால் அடுத்த வாரம் உட்கார வைத்துவிடுவார்கள். பதினாறு வயதுக்குள் அந்தப் பையன் நூற்றுக்கணக்கான பந்தயங்களைப் பார்த்துவிடுகிறான். நம் பையன்களுக்குக் குறைவைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்: இரண்டு வருஷத்துக்கு மேல் கோவாவில் ஒரே முகாமில் வைத்து ஊட்டி வளர்த்தார்கள், ஜெர்மனி, ருஷியா, போர்ச்சுகல், மெக்ஸிகோ என்று பல தேசங்களுக்கு அழைத்துப் போனார்கள். ஆனால் அங்கெல்லாம் ஆடியவற்றில் பெரும்பாலானவை சிநேக ஆட்டங்கள். சிநேக ஆட்டத்தில் தோற்றால் மறுநாள் காலைப் பலகாரம் வழக்கம்போல வந்துவிடும்.

ஆட்டம் தொடங்கியது.

முதல் பத்து நிமிஷத்திலேயே என் மாணவர்களின் முகம் மாற ஆரம்பித்தது. நம்மவர்கள் பயந்து ஓடவில்லை. பெரும்பாலோர் தங்கள் பாதியிலேயே இரண்டு வரிசையாக நெருங்கி நின்றார்கள். கொலம்பியர்கள் பந்தை இங்கும் அங்கும் அழகாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்; ஆனால் அந்த வரிசைகளுக்கு நடுவே புக வழி கிடைக்கவில்லை. பந்து நம்மிடம் சிக்கியதும் ஒருவன் பாய்ந்து ஓடுவான். பதினாறாவது நிமிஷத்தில் வங்காளத்துப் பையன் அபிஜித் ஸர்க்காருக்குக் கோலுக்குக் கிட்டத்தில் பந்து கிடைத்தது. உதைத்தும் விட்டான். கொலம்பியக் கோல் காவலன் தடுத்துவிட்டான்.

"அட!" என்று நாலு பேரும் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார்கள். அந்த "அட" என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனை வாங்குவோம் என்று கணக்குப் போடுகிறவன் "அட" என்று எழுந்திருக்க மாட்டான்.

இடைவேளைக்குச் சற்று முன் இன்னொன்று. ராகுல் இடது காலால் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கோல் கம்பத்தின் குறுக்களவு ஐந்து அங்குலம். அந்தப் பந்து ஒரு சாண் உள்ளே தள்ளிப் போயிருந்தால் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் ஒரு மலையாளியின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். கம்பம் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

இடைவேளையில் ஸ்கோர் இரண்டு பக்கமும் பூஜ்யம். சுண்டல் தட்டு அப்படியே இருந்தது. என் மனைவி கால்பந்தைப் பற்றி இதற்கு முன் எந்த அபிப்பிராயமும் சொன்னதில்லை. அவள் தீரஜ் சிங்கின் முகம் திரையில் தெரிந்தபோது, "பாவம், இந்தக் குழந்தைக்கு எத்தனை வயசு இருக்கும்? இவ்வளவு பேர் கத்தினால் பயமா இருக்காதோ?" என்றாள். ஸ்டேடியத்தில் அன்று நாற்பத்தெட்டாயிரம் பேர் இருந்தார்கள். நம் பையன்கள் அதற்குச் சில வருஷம் முன்பு வரை ஊர்க்கோடி மைதானத்தில் மாடுகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தவர்கள்.

மறு பாதி ஆரம்பித்து நாலு நிமிஷத்தில் கொலம்பியா கோல் போட்டுவிட்டது. போட்டவன் ஹுவான் பென்யலோஸா. வலப்பக்கத்திலிருந்து உள்ளே திரும்பி, இடது காலால் வளைத்து ஒரு உதை. பந்து தீரஜின் கைக்கு எட்டாத மூலையைத் தேடிக்கொண்டு போயிற்று. இதற்குக் காவலனைக் குறை சொன்னால் பாவம் வரும்.

கூடத்தில் ஒரே நிசப்தம். "இனிமேல் சரிந்துவிடுவார்கள்" என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. பலவீனமான அணி ஒன்று வெகு நேரம் தாக்குப் பிடித்துப் பிறகு ஒரு கோல் வாங்கினால், உடனே இரண்டாவதும் மூன்றாவதும் வரும் என்பது நான் எங்கள் மைதானத்தில் பல தடவை பார்த்தது. ஆனால் இவர்கள் சரியவில்லை. ஐம்பது, அறுபது, எழுபது என்று நிமிஷங்கள் நகர்ந்தன. தீரஜ் தடுத்துக்கொண்டே இருந்தான். நம்மவர்கள் மெள்ள மெள்ளத் தங்கள் பாதியைவிட்டு வெளியே வந்தார்கள்.

எண்பத்திரண்டாவது நிமிஷம். இந்தியாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மூலைக் கொடியடியில் பந்தை வைத்தவன் ஸஞ்சீவ் ஸ்டாலின். கார்னர் உதை என்பது பார்வைக்கு லேசாக இருக்கும். ஆனால் உயரமான ஆள் ஒருவன் ஓடிவந்து எம்புகிற அந்த ஒரு இடத்தில், அந்த ஒரு விநாடியில், பந்து வந்து சேர வேண்டும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். ஸ்டாலின் உதைத்தான். கூட்டத்துக்கு மேலே ஒரு தலை எழும்பியது. தேர்வில் தள்ளப்பட்ட ஜீக்ஸனின் தலை. பந்து கீழே குத்தி, காவலனைத் தாண்டி, வலைக்குள் போய்விட்டது.

அடுத்தாற்போல் என் வீட்டில் நடந்ததை நான் ஒழுங்காக வர்ணிக்க முடியாது. சுண்டல் தட்டு கவிழ்ந்தது. அண்டை வீட்டுக்காரர் என்ன ஆபத்தோ என்று கதவைத் தட்டினார். ஒரு பையன் இன்னொருவனைத் தூக்கிச் சுற்றினான். "ஸார், கோல் ஸார்! நாம போட்டோம் ஸார்!" என்று, எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தவனைப் போல, கேள்வி கேட்ட பையன் என் தோளைக் குலுக்கினான். டில்லியில் நம் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்திருந்தார்கள். எந்த வயதினருக்கான உலகக் கோப்பையானாலும் சரி, அதில் இந்தியர் ஒருவர் போட்ட முதல் கோல் அது.

நான் சரித்திர வாத்தியாரல்லவா? அந்தச் சந்தடியிலும் எனக்கு வேறொரு கோல் ஞாபகம் வந்தது. 1948, ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டு என்ற இடத்தில், சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அணித் தலைவர் தாலிமெரென் ஆவ் என்ற நாகர் குலத்து வைத்தியர், அவரும் வடகிழக்குக்காரர்தான். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட, எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். அன்றும் பெயரைக் கேட்டு நம் பக்கத்தவர் பூரித்திருப்பார்கள். அதே ஆட்டத்தில் இரண்டு பெனால்டி உதைகளை வீணாக்கி, கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கி, 2–1 என்று தோற்றுப் போனோம்.

இதையெல்லாம் பையன்களுக்குச் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எண்பத்துமூன்றாவது நிமிஷம். கொலம்பியர்கள் மைய வட்டத்தில் பந்தை வைத்துத் தட்டினார்கள், தட்டிய வேகத்தில் முன்னால் வந்தார்கள், மறுபடியும் அதே பென்யலோஸா, மறுபடியும் கோல். தூக்கிச் சுற்றப்பட்ட பையன் இன்னும் சரியாகத் தரையில் இறங்கவில்லை.

2–1. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் டில்லிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நம் பையன்கள் சிலர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

என் கூடத்தில் விசாரணை ஆரம்பமாயிற்று. ஒருவன் சொன்னான்: "கோல் போட்ட சந்தோஷத்திலே ஏமாந்துட்டாங்க ஸார். கொண்டாடினது தப்பு." இன்னொருவன் சண்டைக்கு வந்தான்: "முதல் கோல்டா! கொண்டாடாம என்ன பண்ணுவான்?" நான் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். இரண்டாவது பையன் சொன்னதே நியாயம். கொண்டாட்டத்தில் குற்றமில்லை. பந்து மறுபடி மைய வட்டத்துக்கு வந்தபோது அவர்களுடைய கால்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன. மனசு மாத்திரம் இன்னும் எதிரியின் கோல் வலைக்குப் பக்கத்திலேயே நின்றது. கொலம்பியப் பையன்களுக்கோ அது பழகிப்போன நிமிஷம். கோல் வாங்கினால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதை எட்டு வயதிலிருந்து வாரா வாரம் செய்து பார்த்தவர்கள். அமெரிக்கா ஆட்டத்தில் கம்பத்தில் பட்ட பந்து நம் கோலாக மாறிய கதையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதுவும் இதே பாடம்தான். தைரியத்திலும் ஓட்டத்திலும் நம் பையன்கள் அன்று யாருக்கும் இளைத்தவர்களல்ல. பந்தயப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். முகாமில் அடைத்து வைத்துப் பால் முட்டை கொடுத்தால் உடம்பு வரும், இந்தப் பழக்கம் வராது. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து எத்தனை வருஷம் படித்தால்தான் என்ன?

மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தேன். தோற்றாலும் நம் உள்ளங்களை ஜயித்துவிட்டார்கள் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை. அந்தப் பையன்கள் உள்ளங்களை ஜயிக்க வரவில்லை. கொலம்பியாவை ஜயிக்க வந்தார்கள். தோற்றவனைச் சர்க்கரைத் தண்ணீரால் குளிப்பாட்டுவது அவனுக்குச் செய்கிற மரியாதையே அல்ல. ஏன் தோற்றான் என்று அவனோடு உட்கார்ந்து பேசுவது மரியாதை.

மூன்றாம் நாள் கானா அணியிடம் நாலு கோலில் தோல்வி. கடைசி இரண்டும் எண்பத்தாறு, எண்பத்தேழாவது நிமிஷங்களில், அடுத்தடுத்து வந்தவை. பட்டியலில் அமெரிக்கா, கானா, கொலம்பியா மூன்றும் ஆளுக்கு ஆறு புள்ளி, நமக்குப் பூஜ்யம். மூன்று ஆட்டத்தில் நாம் வாங்கியது ஒன்பது, போட்டது ஒன்று. நம்மை ஜயித்த கொலம்பியாவும் அடுத்த சுற்றில் ஜெர்மனியிடம் நாலு கோல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. பந்தயத்தை முடிவில் ஜயித்தது இங்கிலாந்து; கல்கத்தாவில், ஸ்பெயின் இரண்டு கோல் முன்னால் போன பிறகு, ஐந்து கோல் போட்டு ஜயித்தது. ஆறு நகரங்களிலுமாக 13,47,133 பேர் மைதானத்துக்கு வந்து பார்த்தார்கள் என்று கணக்கு. பையன்களுக்கான உலகக் கோப்பையில் அதற்கு முன் அத்தனை கூட்டம் வந்ததில்லை.

கதை இத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பந்தயம் முடிந்ததும் கால்பந்துச் சங்கத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பையன்களைப் பிரித்து அனுப்பாமல், "இந்தியன் ஆரோஸ்" என்ற பெயரில் ஒரே அணியாக்கி, ஐ-லீக் என்னும் பெரியவர்கள் பந்தயத்தில் இறக்கினார்கள். தாடி மீசை வைத்த ஆட்டக்காரர்களோடு, வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு, புள்ளிக்காக ஆட வேண்டும். 2017 நவம்பரில் முதல் ஆட்டத்திலேயே சென்னை ஸிடி அணியை 3–0 என்று தோற்கடித்துவிட்டார்கள். சென்னைக்கு நேர்ந்ததாயிற்றே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. அந்த லீகில் கடைசியில் அவர்கள் பட்டியலின் அடியில்தான் நின்றார்கள். இருந்தாலும் வாரா வாரம் ஆடினார்கள்.

பத்து மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில், ஸ்பெயினில் வாலென்சியாவுக்கு அருகே நடந்த ஒரு பந்தயத்துக்கு இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி போயிற்று. உலகக் கோப்பையில் ஆடியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டுக் கடைசியில் அர்ஜென்டினாவைச் சந்தித்தார்கள். அந்த அர்ஜென்டின அணிக்குப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. 2022-ல் பெரியவர்கள் உலகக் கோப்பையை அர்ஜென்டினா ஜயித்தபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. நாலாவது நிமிஷத்தில் தீபக் டாங்ரி நமக்கு ஒரு கோல் போட்டான். இடைவேளைக்குப் பின், அனிகேத் ஜாதவுக்கு ரெபரி சிவப்புச் சீட்டுக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். பாக்கி நேரமெல்லாம் பத்தே பேர். அறுபத்தெட்டாவது நிமிஷத்தில் நமக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. டில்லியில் எவனுடைய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதோ, அந்த அன்வர் அலியே உதைத்தான். இந்தத் தடவை உள்ளே போயிற்று. 2–0.

உடனே, எழுபத்திரண்டாவது நிமிஷத்தில், அர்ஜென்டினா ஒன்றைத் திருப்பிப் போட்டது. அதே பழைய கதை! அப்போது நான் செய்தியைக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் 1948-ம் 2017-ம் சேர்ந்து இடித்தன. ஆனால் மூன்றாவது கோல் வரவில்லை. பத்துப் பேர், மீதி இருந்த ஏறக்குறைய இருபது நிமிஷத்தையும் அர்ஜென்டினாவை எதிர்த்து நின்று தாட்டிவிட்டார்கள். 2–1, இம்முறை இரண்டு நம்முடையது. அந்தப் பந்தயத்தின் கோப்பையை முடிவில் அதே அர்ஜென்டினாதான் ஜயித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு லீக் ஆட்டப் பருவம் செய்த வேலை இது என்பது என் அபிப்பிராயம். ஆட்சேபிப்பவர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த ஆரோஸ் அணியை 2022-ல் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பையன்களுக்கென்று தனி லீக் நடத்துவது மேல் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயமும் இருக்கிறது, கொலம்பியா அப்படித்தானே செய்கிறது. நடத்துகிற வரையில் சந்தோஷம்.

நம் பையன்கள் தங்கள் கால் பலத்திலேயே உலகக் கோப்பைக்குப் போகிற நாளை மயிரிழையில் தவறவிட்டதும் உண்டு. 2018 அக்டோபரில், மலேயாவில் நடந்த ஆசியப் போட்டியில், பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் கால் இறுதியில் தென் கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். அன்று ஜயித்திருந்தால் அடுத்த வருஷத்து உலகக் கோப்பையில் இடம் கிடைத்திருக்கும். கல்யாண வீட்டுக்காரர் என்ற முறையில் கிடைத்த இடமாக அது இருந்திருக்காது.

அன்வர் அலியைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2019-ல் அவனுக்கு இருதயத்தில் கோளாறு என்று வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். ஆடக் கூடாது என்று தடுத்தார்கள். நீதிமன்றம் வரை போய், வாதாடி, மறுபடியும் மைதானத்தில் இறங்கினான். பெரியவர்களின் இந்திய அணியிலும் இடம் பெற்றான். ஜீக்ஸனும் பெரியவர்கள் அணியில் ஆடினான். எல்லோரும் அப்படி ஏறிவிடவில்லை. இருபத்தொரு பேரில் சிலருடைய பெயர் இன்று கால்பந்து ரசிகர்களுக்குக்கூட ஞாபகம் இல்லை. பதினாறு வயதில் நாற்பத்தெட்டாயிரம் பேர் கூப்பிட்ட பெயர் அது என்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆறரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போனேன். இரவு வெகு நேரம் விழித்திருந்தவர்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். நாலு பேரும் வந்திருந்தார்கள். இன்னும் ஐந்தாறு பேரை வேறு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மூலையில் கொடிக்குப் பதில் ஒரு வேப்பங்குச்சி நட்டிருந்தது. ஒருவன் ஸ்டாலினாக மாறி அங்கிருந்து உதைத்துக்கொண்டிருந்தான். அணியிலேயே உயரமான பையன் எம்பி எம்பித் தலையால் முட்டினான். பத்தில் ஒன்று உள்ளே போயிற்று.

எத்தனை கோல் வாங்குவோம் என்று கேட்டவன் மட்டும் அவர்களோடு இல்லை. மைதானத்தின் நடுவே தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை பந்து கோலுக்குள் போனபோதும், அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினான்: "கொண்டாடினது போதும்டா! இடத்துக்கு வாங்கடா! வந்துடுவான், வந்துடுவான்!"

எதிரே ஒருவரும் இல்லை. காலி மைதானத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பையன்கள் தலைதெறிக்க ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். நான் மணி பார்த்தேன். முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது; வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.